எருக்குழிக்காரர்

அக்டோபர் 3, வியாழன்

லாக் புத்தகத்தில் இனிமேல் எண் மட்டும்தான் எழுத வேண்டுமாம். புது மேனேஜர் கிரிதரன் கூப்பிட்டுச் சொன்னார். "தாணு சார், 'இன்று படுகை சோர்வாக இருக்கிறது'ன்னு எழுதியிருக்கீங்க. ஆடிட்டர் படிச்சா சிரிப்பார் சார்." முப்பத்திநாலு வயசு, புனேயிலிருந்து வந்தவர். சோர்வாக இருந்தால் சோர்வாக இருக்கிறது என்றுதானே எழுத முடியும்? சரி, போகட்டும். எண்ணெல்லாம் அங்கே, மற்றதெல்லாம் இங்கே. இந்த நோட்டு நானே கடையில் வாங்கியது. இதில் எவனும் மூக்கை நுழைக்க முடியாது.

உள்ளே 410, வெளியே 22.

இது என்ன எண் என்று நாகர்கோவிலிலிருந்து அக்கா ஒருமுறை போனில் கேட்டாள். பொறுமையாக விளக்கினேன். எங்கள் கம்பெனியில் சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட்டுக்கான பிளாஸ்டிக் உறை அச்சடிக்கிறார்கள். மையில் கலந்த தின்னர் காயும்போது ஆவியாகும். அதை அப்படியே வெளியே விட்டால் ஊரே தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும். அதனால் ஆவியைக் குழாய் வழியாக என் கொட்டகைக்கு அனுப்புகிறார்கள். இங்கே ஒரு பெரிய சிமெண்டுப் பெட்டி, அதில் ஆள் உயரத்துக்குத் தேங்காய் நார்க்கழிவும் மரச்சீவலும் மக்கிய எருவும். அதுதான் படுகை. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. தின்னர் ஆவிதான் அவற்றுக்குச் சாப்பாடு. நாம் ஈரம் மட்டும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆவி உள்ளே போகும்போது மீட்டரில் 410 இருந்தால், மேலே வரும்போது 22 ஆகிவிடும்.

"அப்போ அதுகளுக்குச் சோறு போடுகதுதான் உனக்கு வேலையா?" என்றாள் அக்கா. ஆமாம் என்றேன். "உனக்கு யாருல போடுகா?" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 5, சனி

மதியம் வரை படுகை கிளறும் வேலை. நானும் மயிலாத்தாளும்.

மயிலாத்தாள் காண்ட்ராக்ட் ஆள். நாற்பத்தாறு வயசு. வீடு காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கத்து ஊரில். தண்ணீர் ஓஸ் பிடிப்பது, படுகை கிளறுவது, கொட்டகை கூட்டுவது, கக்கூஸ் கழுவுவது எல்லாம் அவள்தான். ஆறு வருஷமாக என்னோடு இருக்கிறாள். படுகையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து அழுத்துவாள். "சாருங், இன்னிக்கு ஈரம் பத்தலீங்க, உதுருது பாருங்க" என்பாள். ஈரம் பார்க்கும் மீட்டரைக் குத்திப் பார்த்தால் அதுவும் அதையேதான் சொல்லும். எனக்கு அந்தக் கைப்பக்குவம் இன்றுவரை வரவில்லை.

கம்பெனியில் மற்றவர்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. எருக்குழி என்று பேர் வைத்திருக்கிறார்கள். நான் எருக்குழிக்காரர். கேண்டீனில் நான் உட்கார்ந்தால் பிரிண்டிங் ஆட்கள் அடுத்த மேஜைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நாற்றமாம். தின்னரில் ஊறிக் கிடக்கிறவன்கள் என்னைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறான்கள்! இப்போதெல்லாம் கொட்டகையிலேயே சாப்பிட்டுவிடுகிறேன்.

அக்டோபர் 9, புதன்

நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. ஒவ்வொரு பகுதியும் சுத்தமாக இருக்க வேண்டும், பூஜைத் தட்டு எல்லாப் பகுதிக்கும் வரும், மேனேஜரும் கூட வருவார். 'எல்லா' என்பதற்கு அடியில் கோடு போட்டிருக்கிறது.

பதினோரு வருஷத்தில் தட்டு ஒருமுறைகூட இங்கே வந்ததில்லை. எனக்கு அதில் ஆசையொன்றும் இல்லை. ஆனால் வருகிறவர்கள் முன்னால் அசிங்கமாக இருக்கக் கூடாதல்லவா?

அக்டோபர் 10, வியாழன்

காலையிலிருந்து ஒட்டடை. ஆவியை ஊதித் தள்ளும் புளோயருக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தேன். படுகைக்குத் தண்ணீர் தெளிக்கும் தொட்டியில் ஒரே பாசி. வெள்ளைத் தொட்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மயிலாத்தாளை ஸ்டோருக்கு அனுப்பி வேண்டியதை வாங்கி வரச் சொன்னேன். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆறு மணிக்குக் கிளம்பினேன்.

அக்டோபர் 11, வெள்ளி

காலையில் வந்து பார்த்தால் தொட்டியில் தண்ணீர் பாதிக்குக் கீழே. மோட்டார் சரியாக ஏற்றவில்லை போலிருக்கிறது. மீதியைத் திறந்துவிட்டு, நன்றாகக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்தேன். தொட்டி பளபளவென்று இருந்தது. அப்படி ஒரு வெள்ளை.

வாசலில் வாழைக்கன்று கட்டினேன். பொரி, கடலை, ஒரு பூசணிக்காய் எல்லாம் என் செலவு. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பத்தரையிலிருந்து நின்றேன். பிரிண்டிங் ஹாலில் மணிச் சத்தம் கேட்டது. பிறகு ஸ்டோர். பிறகு பாய்லர். கற்பூரத் தட்டோடு பாய்லர் முனை வரை வந்தார்கள். எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. கிரிதரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாரும் திரும்பிவிட்டார்கள்.

மயிலாத்தாள் மட்டும் அரை நாள் லீவில் போகும்போது எட்டிப் பார்த்து, தன் சுருக்குப் பையிலிருந்து குங்குமம் எடுத்துப் புளோயருக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனாள். வேறு யாரும் வரவில்லை.

பூசணிக்காயை நானே உடைத்து, நானே அள்ளிப்போட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

இரண்டு நாள் லீவு முடிந்து மெஷின் ஓடுகிறது. உள்ளே 405, வெளியே 230. மீட்டரில் கோளாறு இருக்கலாம்.

அக்டோபர் 15, செவ்வாய்

வெளியே 340. மீட்டரில் கோளாறு இல்லை.

வழக்கமாகப் படுகையில் மழை பெய்த தோட்டத்து வாசனை வரும். இன்று குனிந்து முகர்ந்தேன், ஒன்றுமே இல்லை. கையை விட்டால் எப்போதும் இருக்கும் அந்தக் கதகதப்பும் இல்லை. தொட்டிக்கு வரும் லாரித் தண்ணீரில்தான் ஏதோ இருந்திருக்க வேண்டும். கண்ட இடத்தில் பிடித்து வருகிறான்கள்.

மயிலாத்தாள் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஓஸைச் சுருட்டி வைத்தாள்.

அக்டோபர் 16, புதன்

"சாருங், எங்கூருல ஒரே தின்னர் வாசமுங்க. கொழந்தைகெல்லாம் தலை வலிக்குதுங்குது. எம்பட பேத்தி ராத்திரி சாப்பிட்டத வாந்தி எடுத்துட்டாளுங்க. ஊருல மாசு வாரியத்துக்கு எழுதிப் போட்டாச்சுங்க."

"சரியாயிரும் மயிலாத்தா" என்றேன்.

அக்டோபர் 18, வெள்ளி

வாரியத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. நவம்பர் 12 அதிகாரி வந்து அளப்பார். அன்றைக்கு வெளியே 50க்கு மேல் இருந்தால் அச்சு மெஷின்களை நிறுத்த வேண்டியதுதான். கிரிதரன் ஒரு மெஷினை இப்போதே நிறுத்திவிட்டார். முதல்முறையாக என் கொட்டகைக்குள் வந்தார். வந்த வேகத்தில் மோட்டாருக்குப் பின்னாலிருந்து இரண்டு காலி பாக்கெட்டுகளை எடுத்துவிட்டார். பிளீச்சிங் பவுடர்.

"இது இங்க எப்படி சார் வந்தது? இதைத் தண்ணியில கலந்தா பாக்டீரியா என்ன ஆகும்?"

"செத்துரும் சார்."

"யார் போட்டது?"

"தெரியல சார்" என்றேன்.

ஸ்டோர் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். அக்டோபர் 10, பிளீச்சிங் பவுடர் இரண்டு பாக்கெட், கழிவறைக்கு. பக்கத்தில் மயிலாத்தாளின் கையெழுத்து.

அக்டோபர் 19, சனி

அவளைக் கூப்பிட்டு என் எதிரிலேயே விசாரித்தார்கள்.

"எதுக்கும்மா வாங்கினீங்க?"

"கக்கூஸுக்குங்க."

"அப்புறம் தொட்டி மோட்டார்கிட்ட எப்படி வந்தது?"

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. பஸ் வருகிறதா என்று பார்ப்போமே, அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள்கிழமையிலிருந்து அவள் வர வேண்டாம் என்று காண்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டார்கள்.

அக்டோபர் 20, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை. துணி துவைத்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

நான்தான்.

எழுதிவிட்டேன். இந்த நோட்டைப் படிக்க யாரும் இல்லை, இதிலுமா பொய் எழுத வேண்டும்? ஸ்டோரில் பிளீச்சிங் பவுடர் கக்கூஸுக்கு என்றால்தான் கொடுப்பார்கள். அப்படியே சொல்லி வாங்கி வா என்று மயிலாத்தாளிடம் சொன்னவன் நான். பாசி ஊறட்டும் என்று இரண்டு பாக்கெட்டையும் தொட்டியில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனவனும் நான். தெளிப்பான் டைமரில் ஓடுகிறது என்பதைப் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன் மறந்துபோனேன். ராத்திரி முழுக்க மணிக்கு ஒருமுறை அந்த மருந்துத் தண்ணீரைப் படுகைமேல் தெளித்திருக்கிறது. காலையில் தொட்டி பாதியாகக் கிடந்ததைப் பார்த்த உடனேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மோட்டார் ஏற்றவில்லை என்று இதே நோட்டில் எழுதிவைத்தேன், வெட்கங்கெட்டவன். பாக்கெட்டைக்கூட ஒழுங்காக எறியத் தெரியவில்லை.

எல்லாம் எதற்கு? ஒரு கற்பூரத் தட்டு வந்து ஐந்து நிமிஷம் நிற்கும் என்பதற்காக.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. மேனேஜரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். அதன்பிறகு படுகையை யார் பிழைக்க வைப்பார்கள்? அவள் ஊருக்கும் அது நல்லதில்லை. ஆகவே 12ஆம் தேதி முடியட்டும்.

அக்டோபர் 24, வியாழன்

மேலடுக்கை வாரிக் கொட்டிவிட்டேன். கழிவுநீர்ப் பிளாண்டிலிருந்து உயிருள்ள சேறு இருபது குடம். சாணிக் கரைசல். கொஞ்சம் யூரியா. எல்லாம் தலைச்சுமை. காண்ட்ராக்டர் வேறு ஆள் அனுப்புவதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். தோள் எரிகிறது. எரியட்டும், எனக்கு வேண்டும்.

புதுக் கிருமிகளுக்குத் தின்னர் பழக வேண்டும். எடுத்த எடுப்பில் நிறையக் கொடுத்தால் செத்துவிடும், ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் செத்துவிடும். அதனால் மெஷின்களைக் குறைத்து ஓட்டச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக.

உள்ளே 120, வெளியே 112.

அக்டோபர் 28, திங்கள்

உள்ளே 150, வெளியே 118.

மேற்கிலிருந்து காற்று. வாசம் அவள் ஊர்ப்பக்கம்தான் போகிறது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கம்பெனி நாலு நாள் லீவு. மெஷின் நின்றால் படுகை பட்டினி கிடக்கும். தட்டில் கொஞ்சம் தின்னரை ஊற்றிப் புளோயர் வாயில் வைத்து, அது காய்ந்து போகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கேட்டில் செக்யூரிட்டி, உள்ளே நான். கம்பெனியில் வேறு ஈ காக்கை இல்லை.

அக்கா முந்திரிக்கொத்து அனுப்பியிருந்தாள், கூரியரில். கொத்தெல்லாம் உடைந்து உதிரி உதிரியாகக் கிடந்தது. "யாருக்காச்சும் குடுத்துத் தின்னு" என்று போனில் சொன்னாள். கொடுத்தேன் என்று சொன்னேன். டப்பா அப்படியே இருக்கிறது.

நவம்பர் 5, செவ்வாய்

உள்ளே 380. வெளியே மீட்டரை வைத்தேன். 90.

மூன்று தடவை பார்த்தேன். தொண்ணூறேதான். கையை உள்ளே விட்டேன், கதகதப்பு. மண் வாசனை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பி, "மயிலாத்தா, தொண்ணூறு!" என்று கத்திவிட்டேன்.

ஓஸ் அவள் சுருட்டி வைத்த இடத்திலேயே கிடந்தது.

அப்படியே படுகையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயசில் ஒரு மனுஷன் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து அழுதால் பார்க்க நன்றாகவா இருக்கும்? பார்க்கத்தான் யாருமில்லையே.

நவம்பர் 6, புதன்

சொல்லிவிட்டேன்.

கிரிதரன் லேப்டாப்பை மூடவில்லை. "பிளீச்சிங் நான்தான் சார் போட்டது. மயிலாத்தாவுக்கு ஒண்ணும் தெரியாது. வாங்கிட்டு வரச் சொன்னதும் நான்தான்" என்றேன். ராஜினாமாக் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. நீட்டினேன்.

வாங்கிப் படித்தார். பிறகு கடிதத்தை மடித்து என் பக்கமே தள்ளினார்.

"இப்ப நீங்க போயிட்டா படுகையை யார் சார் பாக்கறது? ஆறு நாள்தான் இருக்கு. நடந்தது நடந்துபோச்சு. வேலையைப் பாருங்க."

"மயிலாத்தா?"

"வேணும்னா கூப்பிட்டுக்குங்க. காண்ட்ராக்டர்கிட்ட நான் சொல்லிடறேன்."

அவ்வளவுதான். ஒரு திட்டுக்கூட இல்லை. தப்புச் செய்தவன் இல்லாமல் கம்பெனி ஓடாதாம், அதனால் அவன் இருக்கலாம். தப்பே செய்யாதவளை ஒரே போனில் நிறுத்திவிட்டார்கள், இன்னொரு போனில் கூப்பிடுவார்கள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

நவம்பர் 10, ஞாயிறு

அவள் வீட்டுக்குப் போனேன். ஆறு வருஷமாகக் கூட வேலை செய்கிறவளின் வீடு சுவருக்கு அந்தப் பக்கம்தான். நான் போனது இன்றுதான் முதல்முறை. வழி கேட்டுத்தான் போனேன்.

தகரம் வேய்ந்த வீடு. வாசலில் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சாருங், உக்காருங்க" என்று ஸ்டூலைப் போட்டாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வாசம் கொறஞ்சிருக்கா?" என்று கேட்டேன்.

"கொறஞ்சுதுங்க. நாலு நாளா இல்லீங்க. புள்ளையும் நல்லாருக்கறா. படுகை புடிச்சிருச்சுங்களா?"

"புடிச்சிட்டு. நேத்து முப்பத்தஞ்சு."

அவள் முகம் மலர்ந்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே மலர்ந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜரிடம் ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். நாளைக்கே வேலைக்கு வரலாம் என்றேன்.

அவள் பேத்தியின் ரிப்பனைக் கட்டி முடித்து, போய் விளையாடு என்று அனுப்பினாள்.

"நீங்கதான் போட்டீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? வாங்கியாந்து குடுத்ததே நானுதானுங்களே."

"பின்ன ஏன் நீ சொல்லல்ல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேனுங்க."

என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மோர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்புத்தான் மயிலாத்தா, மன்னிச்சுக்கிடு என்றேன். இத்தனை வயசுக்கு யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"அட, அதெல்லாம் உடுங்க சாருங். இப்ப பனியன் கம்பெனிக்குப் போறேனுங்க, வேன் வந்து கூட்டிட்டுப் போயிருது. பிசிறு வெட்டற வேலை. நெம்பக் கஷ்டமெல்லாம் இல்லீங்க."

"அப்போ வரமாட்டியா?"

என் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்தாள்.

"வேலை செய்யறதுக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா அங்க நீங்களும் நானும் ரெண்டே பேருதானுங்களே? முன்ன மாதிரிப் பேச முடியாதுங்க சாருங். பேசாம நாள் பூரா எப்படிங்க இருக்கறது?"

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். தெருமுனை வரைக்கும் வந்து, "ஈரத்தப் பாத்துக்குங்க, மேல நனைஞ்சிருக்கும், அடியில காஞ்சு கெடக்கும். கைய உட்டுப் பாருங்க" என்றாள். முந்திரிக்கொத்து டப்பாவை அங்கே விளையாடிக்கொண்டிருந்த பேத்தியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டது.

நவம்பர் 12, செவ்வாய்

வாரியத்து அதிகாரி பதினோரு மணிக்கு வந்தார். நல்ல மனுஷர். அவர் கொண்டுவந்த மீட்டரில் உள்ளே 395, வெளியே 26. நம்பாமல் மறுபடியும் அளந்தார். 25. படுகைக்குமேல் குனிந்து முகர்ந்துவிட்டு, "தோட்டத்துக்குள்ள நிக்கற மாதிரி இருக்குதுங்களே" என்றார். கிரிதரனுக்கு வாயெல்லாம் பல். பிரிண்டிங் ஆட்கள் பத்துப் பேர் கொட்டகை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். பதினோரு வருஷத்தில் இத்தனை பேர் இங்கே வந்தது இன்றுதான்.

அதிகாரி படிவத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். படுகையின் அளவு, ஈரம், தெளிக்கும் நேரம். கடைசியில், "பராமரிப்புக்கு எத்தனை பேருங்க?" என்றார்.

"தாணு சார் ஒருத்தரே பாத்துக்கறார் சார்" என்று கிரிதரன் என் தோளில் கை வைத்தார். "பதினோரு வருஷமா."

"ரெண்டு பேர் சார்" என்றேன்.

கிரிதரனின் கை தோளிலிருந்து இறங்கியது.

"மயிலாத்தான்னு ஒருத்தங்க. ஆறு வருஷம் இந்தப் படுகையைக் காப்பாத்தினது அவங்கதான். இது கெட்டது என்னால. வேலை போனது அவங்களுக்கு."

வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். இரக்கமாகத்தான் பார்த்தார்.

"சரிங்க. அதுக்கு இதுல இடமில்லீங்களே. இப்போதைக்கு எத்தனை பேருங்க?"

"ஒருத்தன்தான் சார்" என்றேன். எழுதிக்கொண்டார்.